தகர ஷெட்டுக்குள்ள மதியம் நிக்க முடியல, கூரைக்கு என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை_டூவீலர்:
எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல சின்னதா டூவீலர் சர்வீஸ் ஷெட் வச்சிருக்கேன், 12க்கு 18 அடி. மூணு பக்கம் செங்கல் செவுரு, முன்னாடி ரோலிங் ஷட்டர், அது நேரா மேக்க பாத்து இருக்கு. கூரை ஜிஐ ஷீட்டு, அதான் நாக முலாம் பூசுன தகரம், உள்பக்கம் எப்பவோ ரெட் ஆக்சைடு அடிச்சது. ஒசரம் நடுவுல பத்தடி, ஓரத்துல எட்டரை. கத்திரி வந்துட்டா பதினோரு மணிக்கு மேல உள்ள இருக்கவே முடியல. பென்ச்சு மேல வச்ச ஸ்பானர வெறுங்கையால எடுக்க முடியாது, பஞ்சர் சொல்யூஷன் டப்பா மூடி போட்டிருந்தாலும் கெட்டியாயிடுது, தலைக்கு மேல யாரோ அடுப்பு வச்ச மாதிரி உச்சந்தலை மட்டும் எரியுது. எங்கிட்ட ரெண்டு பசங்க வேலை பாக்குறாங்க, போன கோடைல ஒருத்தன் செயின் மாட்டிட்டு இருக்கும்போதே கிறுகிறுன்னு வருதுண்ணான்னு உக்காந்துட்டான். அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

கடைக்காரர் ஒருத்தர் ஒன்றரை டன் ஏசி போட்ருங்கன்றார், ஃப்ரெண்டு பெரிய கூலர் வாங்குன்றான். கையில இருக்குறது இருபத்தஞ்சாயிரம். எடம் வாடகை, ஓனர் கூரைய மாத்த ஒத்துக்க மாட்டார், ஆனா மேல பெயிண்ட் அடிக்கவோ உள்ள சீலிங் கட்டவோ வேணாம்னு சொல்லல. எதுல மொதல்ல காசு போடலாம்?

கல்மண்டபம்_ஏசி_வேலை:
அண்ணே, நான் ஏசி மாட்டுற ஆளு, மாட்டுனா எனக்குத்தான் வேலை, இருந்தாலும் சொல்றேன், இப்ப ஏசி போடாதீங்க. உங்களுக்கு உச்சந்தலை எரியுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே விசயம் இருக்கு. உங்கள வாட்டுறது காத்து மட்டும் இல்ல, அந்த ஷீட்டு. உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் கிட்ட சூடு எறங்குது, தகரம் அத வாங்கி 60, 65 டிகிரி வரைக்கும் போகும், அப்புறம் கீழ பாத்து அந்த சூட்ட கதிரா அனுப்பிட்டே இருக்கும். ஃபேன் எவ்ளோ வேகமா சுத்துனாலும் கதிர தள்ள முடியாது.

கணக்கு போட்டு காட்டுறேன். ஷீட்டு 65ல இருக்கு, கீழ தரை ஆளு வண்டி எல்லாம் 35ல இருக்குன்னு வைங்க. உள்பக்கம் ரெட் ஆக்சைடு அடிச்ச பழைய ஷீட்டு, ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 200 வாட் கீழ எறங்கும். உங்க கூரை 20 சதுர மீட்டர், ஆக 4000 வாட். ஒரு டன் ஏசி வெளிய தூக்கிப் போடுறதே 3500 வாட் தான். அதாவது ஏசி ஓடுற மொத்த கரண்டும் அந்த தகரத்தோட சண்ட போடவே போயிடும், செவுரு ஷட்டர் ஆளு எல்லாம் அதுக்கு மேல. இதுல ஏசி போட்டா ஷட்டர மூடணும், மூடிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி ட்யூன் பண்ணீங்கன்னா கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையும் கெடையாது கண்ணு எரிச்சலும் கெடையாது, ஆள சத்தமில்லாம சாச்சிடும். சர்வீஸ் ஷெட்டுக்கு ஏசி வேணவே வேணாம்.

வண்ணாரப்பேட்ட_பையன்:
ப்ரோ கூலர் போடுங்க, எங்க கேரம் கிளப்ல போட்ருக்கோம், சோக்கா இருக்கு. ஏசி கரண்டுல கால்வாசி கூட இழுக்காது.

கல்மண்டபம்_ஏசி_வேலை:
தம்பி, எந்த நேரத்துல சோக்கா இருக்குன்னு கொஞ்சம் கவனிச்சு பாரு. கூலர் தண்ணிய ஆவியாக்கித்தான் காத்த குளிர வைக்கும், காத்து காஞ்சு இருந்தாத்தான் அது நடக்கும். மேமாசம் மேக்கத்தி காத்து அடிக்குற நேரம், 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னா நல்ல கூலர் 29, 30க்கு கொண்டாந்துடும். அதுவே கடக்காத்து உள்ள வந்து ஈரப்பதம் 70க்கு ஏறிடுச்சுன்னா 33 டிகிரி காத்த ஒரு மூணு நாலு டிகிரிதான் கொறைக்க முடியும், கூடவே அந்த ஈரத்தையும் உள்ள அனுப்பும், வேர்வ காயாம கசகசன்னு ஒட்டும். நம்ம ஏரியா கடலுக்கு பக்கம், சாயங்காலம் கூலர் பிரயோஜனமே இல்ல. டூல்ஸ், பேரிங், ஸ்போக்கு எல்லாம் துரு புடிக்கிறது தனி.

கேரம் கிளப்ல ஜன்னல் எல்லாம் தொறந்து இருக்கும், அதனால ஓரளவு தாங்குது. மூடுன ரூம்ல போட்டுப் பாரு, அர மணி நேரத்துல போர்டே நமுத்துடும்.

திருவொற்றியூர்_சிவில்:
ஏசி வேலை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. சூட்ட ஷீட்டுக்கு மேலயே நிறுத்துனா செலவு கம்மி, உள்ள வந்தப்புறம் தொரத்துறதுக்குத்தான் காசு. அதனால மொத காசு வெள்ள பெயிண்டுக்கு போடுங்க. கூல் ரூஃப் பெயிண்டுன்னு கேட்டா கடைல குடுப்பாங்க, நல்ல வெள்ளையா இருந்தா வெயில்ல எம்பது சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பிடும். ஷீட்டுல பளபளப்பு இருக்கே அதுவே திருப்பி அனுப்பாதான்னு சில பேர் கேப்பாங்க, அனுப்பும், ஆனா பளபளப்பான தகரம் ஏறுன சூட்ட வானத்துக்கு வெளிய விடாது, அப்டியே புடிச்சு வச்சுக்கும். வெள்ள பெயிண்டு ரெண்டு வேலையும் பாக்கும், வெயில திருப்பும், மிச்சம் ஏறுனதையும் வெளிய விடும்.

அடிக்கிற விதம் முக்கியம். ஜிஐ ஷீட்டுல சாதாரண பெயிண்ட நேரா அடிச்சா ஒரு மழைல தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வரும். மொதல்ல கழுவணும், துரு இருக்குற எடத்த சுரண்டணும், ஜிஐக்குன்னே வர்ற பிரைமர் ஒரு கோட்டு, அதுக்கு மேல வெள்ள ரெண்டு கோட்டு. சுண்ணாம்பு சீப்பா இருக்கேன்னு ஜிஐ மேல அடிக்காதீங்க, ஒட்டாது, நாக முலாமையும் சாப்பிடும். வேல விடியகாலைல செய்யணும், எட்டு மணிக்கு மேல ஷீட்டு சூட்டுல பெயிண்டு பிரஷ்லயே காஞ்சிடும்.

இன்னொன்னு, நம்ம பக்கம் வெள்ள ரொம்ப நாள் வெள்ளையா இருக்காது. லாரி புழுதி, எண்ணூர் மணலி பக்கத்து சாம்பல் கரி எல்லாம் படியும், படிஞ்சா பாதி பலன் போச்சு. வருஷா வருஷம் பங்குனில ஒரு தடவ சோப்பு தண்ணி ஊத்தி நல்லா தேய்ச்சு கழுவிடுங்க, அது போதும்.

எர்ணாவூர்_தையல்:
தம்பி, எங்களுது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, அதுக்கு கீழதான் மிஷின் போட்டு தைக்கிறேன், அஞ்சு வருஷமா இந்த அவஸ்தைய பட்டுட்டு இருக்கேன். நாங்க மேல கீத்து போட்டோம், கீத்து மாதிரி குளிர்ச்சி ஒண்ணும் தராது, அது சத்தியம். ஆனா பக்கத்து தெருவுல பட்டாசு பொறி விழுந்து கீத்து எரிஞ்சத கண்ணால பாத்ததுக்கு அப்புறம் எடுத்துட்டோம். நீங்க பெட்ரோல் வச்சு வேல பாக்குற எடம், கீத்து பேச்சே எடுக்காதீங்க.

இப்ப ஷீட்டுக்கு மேல ஒரு அடி ஒசரத்துல சவுக்கு கட்ட நட்டு நிழல் வல கட்டியிருக்கோம். ஷீட்டு மேல ஒட்டுனாப்புல போட்டா பலன் இல்ல, வலையும் சூடாகி ஷீட்டையும் சூடாக்கும். நடுவுல காத்து ஓடணும். மதியத்துல ஷீட்ட அடில இருந்து தொட்டுப் பாத்தா முன்ன கைய வைக்க முடியாது, இப்ப வச்சுட்டே இருக்கலாம்.

எனக்கு ஒரு சந்தேகம், ஆஸ்பெஸ்டாஸ் மேல பெயிண்டு அடிக்க முன்ன சுரண்டணும்னு ஒருத்தர் சொல்றாரு, செய்யலாமா?

திருவொற்றியூர்_சிவில்:
அக்கா, வேணாம், தயவு செஞ்சு சுரண்ட விடாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா, டிரில் போட்டா, ஒடச்சா கண்ணுக்கு தெரியாத நாரு பறக்கும், அது நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது, புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும், அதுவும் இருபது முப்பது வருஷம் கழிச்சு காட்டும். பாசி இருந்தா தண்ணி தெளிச்சு ஈரமாவே வச்சு துணியால மெல்ல தொடைங்க, பிரஷர் பம்பும் வேணாம். காஞ்சதும் நேரா வெள்ள அடிங்க, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தானே, சுண்ணாம்பு கூட நல்லா புடிக்கும், மழைக்கு கரையும் அவ்ளோதான். மேல ஏறும்போது ஷீட்டு மேல கால் வைக்கக் கூடாது, பலகை போட்டு அது மேல நடக்கணும். பழைய ஷீட்டு பொத்துன்னு ஒடஞ்சு ஆள் கீழ விழுந்துடுவாங்க.

எர்ணாவூர்_தையல்:
நல்ல வேள கேட்டேன். சுண்ணாம்பே அடிச்சுக்கிறோம்.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
தம்பிக்கு வணக்கம். பெரம்பூர் கோச் பேக்டரில ரொம்ப வருஷம் வேல பாத்தவன். ரயில் பெட்டியும் தகர டப்பாதான், அத வச்சு சொல்றேன். ஏசி கோச்சுல வெளிக் கூரைக்கும் உள்ள தெரியுற சீலிங்குக்கும் நடுவுல கிளாஸ் வூல், அதான் கண்ணாடி நார் பஞ்சு, அடைச்சு வப்போம், அது இல்லாம எவ்ளோ பெரிய ஏசி போட்டாலும் எடுக்காது. உங்களுக்கு அவ்ளோ தேவையில்ல. பெயிண்டு அடிச்சப்புறம் உள்ள பக்கம் அலுமினியம் ஃபாயில் ஒட்டுன பபிள் ஷீட்டு இல்லன்னா ஃபோம் ஷீட்டு கட்டுங்க. இதுல எல்லாரும் கோட்ட விடுற எடம், அத நேரா தகரத்துல ஒட்டிடுறது. ஃபாயிலோட வேலையே கதிர திருப்புறது, தான் சூடானாலும் கீழ கதிர விடாம இருக்குறது, அந்த வேலைக்கு ஒரு பக்கமாவது காத்து இடைவெளி வேணும். தகரத்துல இருந்து ரெண்டு மூணு இஞ்சு கீழ எறக்கி கட்டுங்க, பளபளப்பு கீழ பாத்து இருக்கட்டும், மேல பாத்து இருந்தா தூசி படிஞ்சு மங்கிடும்.

தெர்மாகோல் வேணாம். சீப்பு, சூடும் தடுக்கும், ஆனா தீ புடிச்சா உருகி எரிஞ்சுக்கிட்டே சொட்டும். சைலன்சருக்கு வெல்டிங் வைக்கிற எடத்துல அத தலைக்கு மேல வச்சுக்கிட்டு வேல பாக்க முடியாது. பபிள் ஷீட்டும் பிளாஸ்டிக்தான், அதனால வெல்டிங் பண்ற மூலைல மட்டும் ராக் வூல், அதான் கல் நார் பஞ்சு, போட்டு கீழ தகடு அடிச்சிடுங்க, அது எரியாது. ராக் வூல் கையாளும்போது முழுக்கை சட்ட, மாஸ்க் போட்டுக்கோங்க, அரிக்கும்.

தண்டையார்பேட்டை_டூவீலர்:
ஐயா ரொம்ப நன்றி. வெல்டிங் வெளியதான் வைக்கிறோம், மழை வந்தாத்தான் உள்ள, இனிமே மழைலயும் உள்ள வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஃபாயில் எப்டி தொங்க விடுறது, ஷீட்ட தாங்குற குறுக்கு சட்டம் இருக்கே, பர்லின், அதுக்கு அது நாலரை அடி இருக்கு.

வியாசர்பாடி_ஷீட்_வேலை:
அது பெரிய விசயம் இல்ல நைனா. பர்லினுக்கு குறுக்கால ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டு கம்பி இழுத்து முறுக்கி கட்டிக்கோ, நைலான் கயிறு வேணாம் சூட்டுல தளந்துடும். கம்பி மேல ஃபாயில் சுருள விரிச்சுக்கினே போ, ஒண்ணு மேல ஒண்ணு நாலு இஞ்சு ஏறி இருக்கணும், ஜாயின்ட்ல ஃபாயில் டேப்பு ஒட்டு. ஓரத்துல செவுத்தோட சேத்து அடைக்காத, ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் விடு, ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவுல நிக்கிற சூடு காத்து வெளிய போவணும். ஷீட்ட பர்லினோட புடிக்கிற ஜே போல்ட் எடத்துல வாஷர் போயிருந்தா இப்பவே மாத்திக்கோ, சீலிங் கட்டிட்டா ஒழுகுறது எங்கன்னு கண்டுபுடிக்கவே முடியாது.

அக்கா சொன்ன வலைய போட்டா நல்லா கட்டணும். 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சப்போ பாதி வடசென்னைல ஷீட்டு பறந்துச்சு, வல எல்லாம் எம்மாத்திரம். ஐப்பசி வந்தா கழட்டி சுருட்டி வச்சிடு, தை மாசி போய் திரும்ப கட்டு. அது வெயிலுக்குத்தானே, மழைக்கு எதுக்கு.

ராயபுரம்_கடக்காத்து:
யாரும் காத்தோட்டம் பத்தி பேசல. நான் ராயபுரத்துல பாக்ஸிங் கத்துக் குடுக்குற எடத்துல இருக்கேன், அதுவும் ஷீட்டுதான், பசங்க மூச்சு வாங்குற எடம். எங்க அனுபவத்துல சூடு காத்து மேல ஏறி ஷீட்டுக்கு கீழ தேங்கிடும், அது போக வழி இல்லன்னா கொஞ்ச கொஞ்சமா கீழ எறங்கி தல ஒசரத்துக்கு வந்துடும். உங்களுக்கு பின்பக்கம் கெழக்கு தானே, கடல் அந்தப் பக்கம்தான். கெழக்கு செவுத்துல தரையில இருந்து ஒரு அடிக்குள்ள ஜாலி, அதான் காத்து வர ஓட்ட வச்ச கல்லு, வைக்க ஓனர கேளுங்க, கடக்காத்து அதுல உள்ள வரும். ஷட்டருக்கு மேல மேக்கு பக்கம் ஒசரத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சா கீழ வந்த காத்து ஷெட்டு முழுக்க நடந்து மேல போயிடும். எக்ஸாஸ்ட் மட்டும் வச்சு உள்ள வர வழி வைக்காம விட்டா அது ஷட்டர் சந்துல இருந்து ரோட்டு அனல இழுத்துக்கிட்டு இருக்கும்.

உங்க ஷெட்டுல கிட்டத்தட்ட 2000 கன அடி காத்து இருக்கு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா மாறணும்னா நிமிஷத்துக்கு ஆயிரம் கன அடி இழுக்குற ஃபேன் வேணும், அட்டப்பெட்டில எழுதியிருக்கும், பாத்து வாங்குங்க.

கடக்காத்து சாதாரணமா மதியத்தோட வந்துடும். மேக்கத்தி காத்து பலமா இருக்குற அன்னிக்கு வராம இழுத்துக்கிட்டே போகும், அன்னிக்குத்தான் ஊரே வேகும். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சே, அந்த மாதிரி நாள்ல எந்த ஷெட்டும் தாங்காது, வேலைய நிறுத்துறது ஒண்ணுதான் வழி.

கல்மண்டபம்_ஏசி_வேலை:
கீழ ஜாலி வைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட படுத்து கெடக்கும். கார்பரேட்டர் கழட்டுற எடம், மேல எக்ஸாஸ்ட் மட்டும் வச்சா அது போகாது. தரையோட ஒட்டி தொறப்பு இருந்தே ஆவணும். டேபிள் ஃபேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸு எதையும் தரைல வைக்காதீங்க, சுவிட்சுல ஒரு பொறி போதும். பேட்டரி சார்ஜ் போடுறதும் காத்து வர்ற ஓரமா வைங்க, ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும்.

கொளத்தூர்_கார்_ஷெட்:
நடுவுல கேக்குறேன் மன்னிக்கணும், எங்க வீட்ல கார் நிறுத்துற ஷெட்டு காங்கிரீட்டு, மேல ஒண்ணும் இல்ல, ராத்திரி பத்து மணிக்கும் உள்ள போனா குப்புனு அடிக்குது. எனக்கும் ஃபாயிலா?

திருவொற்றியூர்_சிவில்:
உங்களுக்கு கத வேற. தகரம் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிடும், காங்கிரீட்டு பகல் பூரா குடிச்சுட்டு ராத்திரி பூரா விடும். நம்ம ஊர் பழைய மொட்டமாடி எல்லாம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டு ஓடு பதிச்சாங்களே, அது ஒழுகாம இருக்க மட்டும் இல்ல, சூட்டுக்கும்தான். இப்ப அதுக்கு பதிலா மேல வெள்ள கூலிங் டைல்ஸ் போடுங்க, காசு இல்லன்னா வெள்ள பெயிண்டு. உள்ள எதுவும் ஒட்ட வேணாம்.

எர்ணாவூர்_தையல்:
தம்பி, அந்த மேக்கு ஷட்டர மறந்துடாதீங்க. மூணு மணிக்கு மேல வெயில் படுத்து வரும், சன்ஷேடு எவ்ளோ நீட்டுனாலும் அதுக்கு கீழ பூந்துடும். நேரா தொங்குற தட்டிதான் வேணும். மூங்கில் தட்டியோ எழுபத்தஞ்சு சதவீத நிழல் வலையோ, ஷட்டருக்கு வெளிய ரெண்டடி தள்ளி, பொழுது சாய்ற வரைக்கும் எறக்கி விடுங்க, வண்டி வர்றப்போ சுருட்டிக்கலாம். உள்பக்கம் திரை போட்டா பிரயோஜனம் இல்ல, ஷட்டர் சூடானப்புறம் சூடு உள்ளதானே வரும்.

அப்புறம் அந்த கிறுகிறுன்னு வந்த பையன். வெறும் தண்ணியோட விட்டுடாதீங்க, கூடவே உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ குடுங்க. ஒருத்தன் பேச்சு கொழறி, ஒடம்பு நெருப்பா சுட்டு, சொல்றது புரியாம முழிச்சான்னா ஓரமா உக்கார வச்சு பாக்காதீங்க, 108க்கு போன் போட்டுட்டு நிழல்ல படுக்க வச்சு ஒடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க. எங்க தெருவுல ஒரு கொத்தனார தாமதமா தூக்கிட்டு போய் இழந்தோம். பெத்தவங்க நம்பி அனுப்புன புள்ளைங்க தம்பி.

தண்டையார்பேட்டை_டூவீலர்:
அக்கா, நீங்க சொன்னத பசங்க ரெண்டு பேருக்கும் படிச்சு காட்டிட்டேன். இனிமே கத்திரில பன்னண்டுல இருந்து மூணு வரைக்கும் ஷட்டர் மூடிடலாம்னு இருக்கேன், காலைல ஏழுக்கே தொறந்துட்டா ஈடு கட்டிடலாம்.

இது வரைக்கும் ஆனத சொல்றேன். ஞாயித்துக்கெழம விடியகாலைல கழுவி, பிரைமர் அடிச்சு, அடுத்த வாரம் வெள்ள ரெண்டு கோட்டு முடிச்சாச்சு. சூடு பாக்குற துப்பாக்கி ஒண்ணு ஃப்ரெண்டுகிட்ட வாங்குனேன். அடிக்கிறதுக்கு முன்ன மதியம் ஒரு மணிக்கு ஷீட்டு அடிப்பக்கம் 61 காட்டுச்சு, இப்ப அதே நேரம் 44, 45. வெளிய வெயில் ரெண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. உச்சந்தலை எரியிறது நின்னுடுச்சு, புழுக்கம் மட்டும் இருக்கு. நேத்து ஒரு துண்டு ஃபாயில் கட்டி துப்பாக்கிய காட்டுனா 36ன்னு வருது, தொட்டா அத விட சூடா தெரியுது, துப்பாக்கி கெட்டுடுச்சா?

கல்மண்டபம்_ஏசி_வேலை:
கெடல அண்ணே. பளபளப்பான சாமான அந்த துப்பாக்கியால அளக்க முடியாது, ஃபாயில் தன் சூட்ட கதிரா விடாதுன்னு சொன்னோம்ல, அதனால துப்பாக்கி ஃபாயிலோட சூட்ட பாக்காம அதுல பிரதிபலிக்கிற தரையோட சூட்ட பாக்குது. ஃபாயில் மேல கருப்பு இன்சுலேஷன் டேப்பு ஒரு துண்டு ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, துப்பாக்கிய கிட்டக்க கொண்டு போய் டேப்பு மேல காட்டுங்க, நெசமான நம்பர் வரும். அந்த 61, 45 ரெண்டும் ரெட் ஆக்சைடு மேல அளந்தது, அது சரியான நம்பர்தான்.

45ல ஷீட்டு இருந்தா முன்ன சொன்ன 200 வாட்டு இப்ப 60, 65க்கு எறங்கியிருக்கும். மிச்சத்த ஃபாயில் பாத்துக்கும். கையில மிச்ச காசு எவ்ளோ இருக்கு?

தண்டையார்பேட்டை_டூவீலர்:
பெயிண்டு பிரைமர் கூலி போக பாதிக்கு மேல இருக்கு. ஜாலிக்கு ஓனர் சரின்னுட்டார், ஆனா எலி பூராம கம்பி வல அடிக்கணும்னார். எக்ஸாஸ்ட் வாங்கிடுறேன். ஃபாயிலுக்கு கம்பி இழுக்க எங்களுக்கு கை வராது, வியாசர்பாடி அண்ணே வந்து காட்டிக் குடுப்பீங்களா, கூலி என்னன்னு சொல்லுங்க.

வியாசர்பாடி_ஷீட்_வேலை:
வரேன் நைனா. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கெல்லாம் ஏறணும், ஒம்போதுக்குள்ள கம்பி முடிஞ்சிடும். பசங்க ரெண்டு பேரையும் இருக்க சொல்லு, ஒருத்தன் கம்பி புடிக்க ஒருத்தன் சுருள் புடிக்க. கூலி அன்னிக்கு நேர்ல பேசிக்கலாம். கட்டு கம்பி ரெண்டு கிலோ, ஃபாயில் டேப்பு, அஞ்சாறு ஜே போல்ட் வாஷர் வாங்கி வையி. ஒங்கிட்ட பத்தடி ஏணி இருக்கா, இல்லாட்டி நான் எடுத்தாறேன்.